மீட்ட நாயும் பூனையும் நம்மை நம்ப: வீட்டுக்கு அழைத்து வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்த நாய், சாக்கில் கட்டிக் குப்பைத் தொட்டியருகே போடப்பட்ட பூனைக்குட்டிகள், வளர்த்தவர்கள் ஊர் மாறியபோது தெருவில் விட்டுச் சென்ற வயதான லேப்ரடார் என்று, மீட்கப்படும் பிராணிகளின் முன்கதைகள் பலவிதம். அவற்றை வீட்டுக்கு அழைத்து வருபவரின் மனத்தில் அன்பு முதல் நாளே நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிராணிக்கு நாம் யாரென்றே தெரியாது. அது பார்த்த மனிதர்களில் சோறு வைத்தவர்களும் உண்டு, கல்லெறிந்தவர்களும் உண்டு. நாம் எந்த வகை என்பதைத் தன் கண்ணாலும் மூக்காலும் சோதித்துப் பார்த்த பிறகே அது முடிவு செய்யும். அந்தச் சோதனைக்குத் தேவையான காலத்தையும் இடத்தையும் எப்படிக் கொடுப்பது என்பதை, தமிழ்நாட்டு நகரமொன்றில் அடுக்ககத்திலோ தனி வீட்டிலோ ஒரு நாட்டு நாயையோ தெருப்பூனையையோ தத்தெடுப்பவரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நெருங்கி வருவதா, விலகி நிற்பதா என்ற முடிவு பிராணியுடையதாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் நடப்பவை, அதாவது உணவு நேரம், குரல், படுக்கும் இடம், வெளியே போகும் நேரம் ஆகியவை, நாள்தோறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லா யோசனைகளும் இவ்விரண்டிலிருந்து பிறந்தவையே.

முதலில் மருத்துவர்

வலியில் இருக்கும் பிராணி யாரையும் நம்பாது. காதில் சீழ் பிடித்த நாயின் தலையைத் தடவினால் அது உறுமத்தான் செய்யும். அதைப் பார்த்து ‘முரட்டு நாய்’ என்று முடிவு கட்டுவது அநியாயம். ஆகவே வீட்டுக்கு வரும் வழியிலேயே, அல்லது மறுநாளே, கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. உண்ணிகள், அவற்றால் வரும் உண்ணிக் காய்ச்சல், சொறி, குடற்புழு, குட்டிகளாக இருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்கள் ஆகியவையே நம் ஊர்த் தெருநாய்களிடம் மருத்துவர் முதலில் தேடுபவை. சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடைக் கல்லூரிகளிலும், மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். நாயின் காதில் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முன்பே நடந்திருக்கிறது என்று பொருள். சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளும் மாநகராட்சிகளும் இந்த அடையாளத்தைப் பயன்படுத்துகின்றன.

வெறிநோய்த் தடுப்பூசியை நாய், பூனை இரண்டுக்குமே மூன்று மாத வயதானதும் தொடங்கிவிட வேண்டும். பயந்த பிராணி கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. கடித்தது சின்னப் பூனைக்குட்டிதானே என்று விட்டுவிடவும் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனையின் மேல் தடவினாலும் அதே கதிதான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராணி இருந்தால், புதியதைச் சுமார் இரண்டு வாரம் தனி அறையில் வைப்பது நோய்க்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. அந்த நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலேயே, கதவிடுக்கின் வழியாக வாசனையால் அறிமுகமாகிவிடும்.

வந்த அன்று என்ன செய்யக் கூடாது

நம் வீடுகளில் தெருவிலிருந்து வந்த நாயைப் பார்த்ததும் தோன்றும் முதல் எண்ணம் அதைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது. தயவுசெய்து அன்றைக்கு வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் பிடித்து அமுக்கி, வழுக்கும் குளியலறையில் தண்ணீர் ஊற்றினால், அந்த வீட்டைப் பற்றிய அதன் முதல் நினைவு அதுவாகிவிடும். மருத்துவர் கட்டாயம் என்று சொன்னாலொழிய, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குளியலைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். அக்கம்பக்கத்தாரையும் உறவினரையும் அழைத்துக் காட்டுவதும், குழந்தைகள் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சுவதும், முதல் நாளே பத்துப் படம் எடுப்பதும் அப்படியே தள்ளிப்போட வேண்டியவை.

நாய்க்கு ஓர் ஓரம் வேண்டும். கூடத்தில் ஒரு மேசைக்கு அடியிலோ, சுவரும் சுவரும் சேரும் மூலையிலோ, ஆட்கள் குறுக்கே நடக்காத இடமாகப் பார்த்துப் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். மாடிப்படிக்கு அடியிலோ பால்கனியிலோ கட்டிப்போட்டால் அது வீட்டாரின் நடமாட்டத்தைப் பார்த்துப் பழகவே முடியாது. அது அந்த மூலையில் இருக்கும்போது யாரும் போய்த் தொடக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பித்துப் போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த நாய் கடிப்பதற்குக் காரணம் குறைவு.

தெருவில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பதே விசித்திரமான இடம். தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது. குக்கர் விசிலடிக்கிறது, மிக்ஸி அலறுகிறது. பளபளக்கும் டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது. சில நாய்கள் கதவருகே நின்றுவிட்டு உள்ளே வர மறுப்பதற்கு இந்தத் தரையே காரணம். நகங்களை விரித்து, வயிற்றைத் தரையோடு தாழ்த்தி, ஓர் அடி வைத்துவிட்டுப் பின்வாங்கும். கதவிலிருந்து அதன் மூலை வரை கயிற்று மிதியடிகளையோ கோரைப்பாயையோ வரிசையாகப் போட்டுவிட்டால், அந்தப் பாதை வழியாகத் தானே நடந்து வரும். இழுத்துக்கொண்டு வருவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடுத்தடுத்த வாரங்களில் நன்றாகத் தெரியும்.

நெருங்கும் விதம்

நம் ஊர்த் தெருநாய்க்கு மிக நன்றாகத் தெரிந்த மனித அசைவு ஒன்று உண்டு: குனிவது. தெருவில் ஒருவர் தரையை நோக்கிக் குனிந்தால் அடுத்து கல் வரும் என்பதை அது குட்டியிலேயே கற்றிருக்கிறது. ஆகவே நீங்கள் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தாலும் அது ஓடி ஒளியலாம். விளக்குமாறு, குடை, சுருட்டிய செய்தித்தாள், ஓங்கிய கை எல்லாம் அதே வரிசைதான். இதற்கு மருந்து, அதன் முன்னால் நிற்பதையும் குனிவதையும் குறைத்து, உட்காருவது. அதனிடமிருந்து சற்றுத் தள்ளி, முகத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, புத்தகமோ செய்தித்தாளோ படியுங்கள், காய் நறுக்குங்கள், தாழ்ந்த குரலில் வீட்டாரோடு பேசிக்கொண்டிருங்கள். அதைக் கூப்பிட வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இதைச் செய்தால், ஒரு நாள் அது எழுந்து வந்து உங்கள் முதுகையோ காலையோ முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அப்போது சட்டெனத் திரும்பித் தொட்டுவிடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே மிகக் கடினமான வேலை. மிக முக்கியமானதும் அதுவே.

அது தானாக இரண்டு மூன்று முறை வந்த பிறகு கையைத் தாழ்வாக நீட்டலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், மார்பிலோ கழுத்தின் பக்கத்திலோ சில நொடிகள் வருடிவிட்டு நிறுத்துங்கள். கை நின்றதும் அது உங்கள் பக்கம் சாய்ந்தால், மூக்கால் கையை முட்டினால், தொடரலாம். அசையாமல் விறைத்து நின்றாலோ, முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்த்தாலோ, அன்றைக்கு அது போதும் என்கிறது. வாலாட்டுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. விறைப்பாக, உயர்த்திப் பிடித்து ஆட்டும் வால் நட்பைக் காட்டுவதில்லை. உறுமியதற்காக ஒருபோதும் அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிக்குமுன் தரப்படும் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கிவிட்டால் எச்சரிக்கையில்லாமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

தொடுகையை இவ்வளவு கவனமாகக் கையாளச் சொல்வதற்குக் காரணம் அதன் ஆற்றல்தான். கொல்கத்தாவின் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஒருவர் திரும்பத் திரும்ப உணவு கொடுத்துப் பழகியதைவிட, திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்துப் பழகியபோது நாய்கள் அவரை அதிகமாக நம்பின என்று கண்டார்கள். வாழ்நாளெல்லாம் பசியோடு அலையும் நாய்கூட அன்பான ஒரு கையை அப்படி மதிக்கிறது என்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்த்தவரும் நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று காட்டியது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்ப்பதில் பங்குள்ள அதே சுரப்புதான். ஆனால் அது ஏற்கெனவே பழகியவர்களின் பார்வை. புதிதாக வந்த நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும்.

சோறும் நம்பிக்கையும்

காலையும் மாலையும் குறித்த நேரத்தில், ஒரே கிண்ணத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். முதல் சில நாட்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். தெருவில் மற்ற நாய்களோடு போட்டிபோட்டுத் தின்ற பழக்கத்தால், சாப்பிடும்போது அருகில் வருபவரைப் பார்த்து உறுமுவது இயல்பு. கிண்ணத்தில் கையை விட்டு ‘நான்தான் எஜமான்’ என்று காட்டச் சொல்லும் பழைய யோசனை தவறானது. அது அதன் பயத்தை உண்மையாக்கிவிடுகிறது. மாறாக, அது சாப்பிடும்போது தள்ளி நின்று, ஒரு துண்டு வேகவைத்த கோழியை அதன் பக்கம் போட்டுவிட்டு நகர்ந்து செல்லுங்கள். சில வாரங்களில், நீங்கள் வருவதைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி ஆவலோடு பார்க்கும். வாயில் ஆபத்தான எதையாவது கவ்வியிருந்தாலும் பிடுங்காமல், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

சோறு, எலும்பு நீக்கிய கோழி, முட்டை, பூசணி, கேரட், சிறிது தயிர் என்று உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுத்தால் பெரும்பாலான நாட்டு நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். நாளடைவில் மருத்துவரைக் கேட்டு உணவைச் சரிசெய்துகொள்ளலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. வெந்த கோழி எலும்பு முள்போல் பிளந்து குடலைக் கிழிக்கும். பூனைக்கு வெறும் பால்சோறு போதாது, இறைச்சியோ மீனோ கட்டாயம் வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதும் இல்லை.

பூனைக்குத் தனிக் கணக்கு

நாயைக் கூடத்தில் விடலாம். பூனைக்கு முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடக் கூடாது. ஒரே ஓர் அறை, அதில் ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் உணவும் தண்ணீரும், நடுவில் பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. இந்த அட்டைப்பெட்டியை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிட விரைவாகப் பதற்றம் தணிந்தன. சன்னல், பால்கனிக்கு முன்கூட்டியே வலை அடித்துவிடுங்கள். பயந்த பூனை மூன்றாம் மாடி என்று பார்க்காது.

பெட்டிக்குள்ளிருந்து பூனையை இழுத்தெடுக்கக் கூடாது. நீங்கள் கட்டிக் கழற்றிய பருத்திப் புடவைத் துண்டையோ லுங்கியையோ பெட்டியருகே போட்டுவையுங்கள். உங்கள் வாசனை அதற்குத் தூங்கும்போதும் பழகும். அறைக்குள் போய் உட்கார்ந்து, அது உங்களைப் பார்க்கும்போது கண்களை மெல்லச் சுருக்கி, மூடி, மெல்லத் திறந்து, பிறகு பார்வையை விலக்குங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் இதைச் சோதித்தபோது, இப்படிக் கண்சிமிட்டிய மனிதருக்குப் பூனைகள் தாமும் கண் சுருக்கிப் பதில் சொன்னதையும், நீட்டிய கையை நோக்கி வர அதிகம் முன்வந்ததையும் கண்டார்கள். வீட்டில் செய்துபார்க்கக் காசும் கருவியும் வேண்டாத பயிற்சி இது.

பிறகு விளையாட்டு. ஒரு குச்சியின் நுனியில் நூல் கட்டி, அதில் இறகையோ துணிக் குஞ்சத்தையோ முடிந்து, பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாமல், எலி ஓடுவதுபோல் அதைவிட்டு விலகித் தரையோடு இழுங்கள். கையிலிருந்து தொலைவு இருப்பதால் பயந்த பூனையும் துணிந்து பாயும். கையையே விளையாட்டுப் பொருளாக்கிவிட்டால் பிற்பாடு கீறலுக்குப் பூனையைக் குறை சொல்ல முடியாது. விளையாடி முடிந்ததும் சிறிதளவு மீன் கொடுங்கள். வாலைச் செங்குத்தாக உயர்த்தியபடி உங்களை நோக்கி நடந்து வந்து கன்னத்தைக் காலில் உரசும் நாளில், உங்களைத் தன்னைச் சேர்ந்தவராக அது ஏற்றுக்கொண்டுவிட்டது என்று மகிழலாம். கன்னத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையை உங்கள்மேல் பூசி அடையாளமிடுகிறது. அப்போதும் கன்னம், தாடை, காதுகளுக்கிடையே வருடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயிறு வேண்டாம்.

பூனை மனிதரோடு ஒட்டாத பிராணி என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர் சிறிது நேரம் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பியபோது, எப்படி நடந்துகொண்டன என்று வகைப்படுத்த முடிந்த பூனைக்குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை பதற்றம் தணிந்து, அவரைப் பாதுகாப்பின் இடமாகக் கொண்டு மறுபடி விளையாடப் போயின. ஆனால் வயது முக்கியம். பூனைக்குட்டி பிறந்து 2 முதல் 7 வாரங்களுக்குள்ளும், நாய்க்குட்டி 3 முதல் 12 வாரங்களுக்குள்ளும் மனிதரோடு பழகினால் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் மனிதக் கையையே அறியாமல் வளர்ந்த பூனை, மாதக்கணக்கில் பாடுபட்டாலும் மடியில் ஏறாமல் இருக்கலாம். அறையின் மறுகோடியில் உங்கள் எதிரே கண்மூடித் தூங்குவதே அதன் உச்சகட்ட அன்பாக இருக்கலாம்.

புதிதாக வந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி நீண்டால், முக்கியமாகக் கொழுத்த பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெளியே போவதும் வெடிச்சத்தமும்

நாய் தப்பித்து ஓடுவது பெரும்பாலும் முதல் வாரங்களில்தான், அதற்கு வீடு இன்னும் வீடாகாத நாட்களில். கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும் நாய்கள் பல உண்டு என்பதால், மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸையும் கழுத்துப்பட்டையையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு கோத்துப் பிடியுங்கள். விடியற்காலையில், வண்டியும் மற்ற தெருநாய்களும் குறைந்த நேரத்தில், ஒரே தெருவில் ஒரே திசையில் நடங்கள். அது நின்று முகர்ந்தால் நில்லுங்கள். நடையின் பயன் அதற்குத் தூரத்தில் இல்லை, மூக்கில் இருக்கிறது. வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டால் திட்டுவதும் மூக்கைத் தேய்ப்பதும் உங்களுக்குப் பயந்து மறைவாகப் போகவே கற்றுக்கொடுக்கும். வெளியில் சிறுநீர் கழித்த உடனே பாராட்டி ஒரு துண்டு உணவு கொடுப்பதே வழி.

தீபாவளியை ஒட்டித் தத்தெடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு நேரத்தைக் கட்டுப்படுத்திய பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று நேரம் குறிக்கப்பட்டாலும், வெடி அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் கேட்கத்தான் செய்கிறது. அந்த நாட்களில் நடையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்து, சன்னல்களை மூடித் திரையிட்டு, மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டு, அது கட்டிலடியில் ஒளிந்தால் ஒளிய விட்டு, அருகில் நீங்கள் இருங்கள். பயப்படும்போது தேற்றினால் பயம் கூடிவிடும் என்பது உண்மையில்லை. அது உங்களிடம் ஒட்டிக்கொள்ள வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதித் தொங்கவிடுங்கள், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் பதிந்து வையுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்

தத்து கொடுப்பவர்கள் பொதுவாக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்பார்கள்: மூன்று நாளில் மிரட்சி குறையும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் வீட்டுப் பிராணியாகிவிடும் என்று. இதைத் தோராயமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அடிபட்டு, விரட்டப்பட்டு, பல கை மாறி வந்த பிராணிக்கு ஓராண்டுகூட ஆகலாம். முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. நன்றாகப் பழகிய நாய் ஒரு நாள் ஹெல்மெட் அணிந்த விருந்தாளியைப் பார்த்து மறுபடி மூலைக்குள் போய்விடும். அப்போது முதல் வாரத்தில் செய்ததை மறுபடி சில நாள் செய்தால் போதும். மாறாக, நன்றாக இருந்த பிராணி காரணமில்லாமல் திடீரென ஒதுங்கினாலோ சீறினாலோ, அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் வலியும் மூட்டு வலியும் சிறுநீரகக் கோளாறும் அப்படித்தான் வெளிப்படும்.

தனிமையையும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். விடுமுறை எடுத்து நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் பத்து மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், ஒரு முறை கைவிடப்பட்ட நாய் அதை மறுபடி கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்திலிருந்தே குப்பை கொட்ட, பால் வாங்க என்று சில நிமிடங்கள் வெளியே போய், விடைபெறும் ஆரவாரம் எதுவுமின்றித் திரும்பி வாருங்கள். அரை மணி, ஒரு மணி என்று அதை நீட்டுங்கள்.

ஊருக்குப் போக நேரும் நாளுக்காக, உங்களைத் தவிர இன்னொருவரையும் இப்போதே பழக்கி வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோ தம்பி மகனோ யாராக இருந்தாலும், முதலில் உங்கள் முன்னிலையிலும் பிறகு நீங்கள் இல்லாதபோதும் சில வேளை உணவை அவர் வைக்கட்டும். உணவு நேரம், அளவு, மருத்துவரின் எண், அது எதற்குப் பயப்படும், எங்கே போய் ஒளியும், எங்கே தொட்டால் பிடிக்காது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.